பனியன் விற்ற லாபம் யாருக்கு?

ஒரு விளையாட்டுப் பனியன். மார்பில் ஒரு கல்லூரியின் பெயர். முதுகில் 2 என்று ஓர் எண். வீரரின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் கடைக்கு வருகிற சிறுவன் முதல் கிழவர் வரை எல்லோருக்கும் தெரியும், அது யாருடைய எண் என்று!

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஜானி மன்ஸேல் அணிந்த எண் அது. அங்கே கால்பந்து என்றால் நாம் காலால் உதைத்து ஆடும் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரே வருகிறவனை மோதித் தள்ளிக்கொண்டு ஓடுகிற முரட்டு ஆட்டம். 2013 ஆகஸ்டில் அந்த வீரர் மீது ஒரு புகார் எழுந்தது. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்! விசாரணை நடந்தது. காசு வாங்கியதற்குச் சாட்சியம் இல்லை என்றார்கள். ஆனாலும் பாதி ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள்.

அவரை விசாரித்தது யார்? என்.ஸி.ஏ.ஏ. என்று சொல்லப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். அதே மாதத்தில், அதே சங்கத்தின் இணையக் கடையில் மன்ஸேல் என்று தட்டிப் பார்த்தால் என்ன வந்தது? 2 என்ற எண் பொறித்த பனியன் விற்பனைக்கு வந்து நின்றது! முன்னாள் வீரரும் வழக்கறிஞருமான ஜே பைலஸ் இதை உலகறியச் செய்தார். சங்கத் தலைவர் மார்க் எம்மெர்ட் அந்த வியாபாரத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவிக்க நேர்ந்தது.

தன் பெயரைத் தன் கையால் எழுதி வீரன் காசு வாங்கினால் குற்றம். அவன் பெயரைக் காட்டிச் சங்கம் சட்டை விற்றால் வியாபாரம். இது என்ன நியாயம்?

இது ஒரே ஒரு சம்பவமும் அல்ல. 2010ஆம் ஆண்டில் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ. ஜே. கிரீன், தான் போட்டு ஆடிய பனியனையே 1,000 டாலருக்கு விற்றுவிட்டார். நான்கு ஆட்டங்கள் ஆடக் கூடாது என்று தண்டனை. அவர் எண்ணான 8 பொறித்த பனியன்களைப் பல்கலைக்கழகத்தின் கடை அப்போது விற்றுக்கொண்டுதான் இருந்தது.

“அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பந்து விளையாடினால் நமக்கென்ன? நம் பஞ்சப்படியே இழுபறியாக இருக்கிறது” என்று மில் தொழிலாளி கேட்கலாம். அறுவடைக் கூலிக்கு மல்லுக்கட்டும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேர்வை சிந்துகிறவனுக்கு விற்ற பணத்தில் பாத்தியதை உண்டா என்பதுதான் அங்கே நடக்கும் வழக்கு. அதை மறுப்பதற்கு அங்கே சொல்லப்படும் சமாதானங்கள் ஒவ்வொன்றையும் நீங்கள் இங்கே கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இது நம் விஷயமும் ஆகிறது.

வியாபாரத்தின் அளவு

கல்லூரி விளையாட்டு என்றவுடன் நம் ஊர்க் கல்லூரி மைதானத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் பல்கலைக்கழகங்களுக்கே சொந்தம். ஆண்களின் கூடைப்பந்துப் போட்டி ஒன்றை மட்டும் ஒளிபரப்ப, 2010ஆம் ஆண்டில் தொலைக்காட்சிக் கம்பெனிகள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டன. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் வீரர்கள் நைக்கி கம்பெனியின் உடுப்பையும் செருப்பையும் அணிய 2016ஆம் ஆண்டில் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் மதிப்பு 25 கோடியே 20 லட்சம் டாலர். பனியன், தொப்பி, கோப்பை, விளையாட்டுப் பொம்மை என்று கல்லூரியின் முத்திரை எதில் விழுந்தாலும் அதற்கு உரிமைத் தொகை வரும்.

இந்தச் சங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர்தான் சங்கம். அது வீரர்களின் சங்கம் அல்ல. கல்லூரி நிர்வாகங்களின் சங்கம். மில் தொழிலாளர் சங்கம் வேறு, மில் முதலாளிகள் சங்கம் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததா? முதலாளிகள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, “நம்மில் யாரும் கூலி தரக் கூடாது” என்று கட்டுப்பாடு செய்துகொண்டால் எப்படியோ, அப்படித்தான் பல பத்தாண்டுகள் அங்கே நடந்தது. ஆடுகிறவர்களில், அதிலும் கால்பந்திலும் கூடைப்பந்திலும், கணிசமான பகுதியினர் ஏழை வீடுகளிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு சொல் செய்த வேலை

1955ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்று சொல்லிவிட்டது.

அந்தக் காலத்தில்தான் விளையாட்டுச் சங்கம் ஒரு புதுச் சொல்லைப் பிரசாரம் செய்தது. வீரர்களை வெறுமனே வீரர் என்று சொல்லக் கூடாது. “மாணவ-வீரர்” என்றே எழுத வேண்டும், பேச வேண்டும். ஏன் இந்த அக்கறை? 1951 முதல் 1987 வரை சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த வால்ட்டர் பையர்ஸே 1995இல் எழுதிய புத்தகத்தில் உண்மையை உடைத்தார். வீரர்களைத் தொழிலாளிகள் என்று சட்டம் சொல்லிவிடுமோ, நஷ்டஈடு கொடுக்க நேருமோ என்ற பயத்தில்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தோம் என்றார். இதைச் சொன்னவர் எதிரி அல்ல. அந்த வீட்டின் பெரிய கணக்குப்பிள்ளை!

ஆண்டுக்கணக்கில் தறி ஓட்டுகிறவனை “அப்ரண்டிஸ்” என்று பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன லாபம் என்று நம் மில்களில் கேட்டுப் பாருங்கள். சொல் மாறினால் சட்டம் மாறும். சட்டம் மாறினால் கூலி மாறும்.

மறுப்பவர்கள் சொல்வது என்ன?

முதல் வாதம்: “அவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறோமே! படிப்பு இலவசம், தங்க இடம் இலவசம். இன்னும் என்ன வேண்டும்?” படிப்பு பெரிய செல்வந்தான். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும். ஆனால் அந்த உபகாரம் எப்படி நடந்தது? 1973இல் சங்கம் விதியை மாற்றி, நான்கு ஆண்டு உறுதியை ஓராண்டு உறுதியாக்கியது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் மறு ஆண்டு இல்லை. பல ஆண்டு உறுதி கொடுக்கலாம் என்ற விதி மீண்டும் வந்தது 2012இல்தான். கைமாறாக வேலை வாங்கி, வேலை பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடுவதற்குப் பெயர் உபகாரமா? “சம்பளம்” என்ற சொல் அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

2014இல் தேசிய கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற கனெக்டிகட் அணியின் வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கப் போகிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். தன் எண் பொறித்த பனியன் விற்பதைப் பார்க்கும்போது தனக்கும் ஏதாவது வர வேண்டும் என்று தோன்றுகிறது என்றும் சொன்னார். நாடே அதிர்ந்தது. அதே மாதத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சங்கம் முடிவு செய்தது. அதுவரை சோற்றுக்கும் அளவு இருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இரண்டாம் வாதம்: “பனியன் விற்பது கல்லூரியின் பெயருக்காக. வீரர் நான்கு ஆண்டில் போய்விடுவார். கல்லூரி நூறாண்டு நிற்கும்.” இதில் பாதி உண்மை உண்டு. எந்த எண்ணும் இல்லாத, கல்லூரிப் பெயர் மட்டும் உள்ள சட்டைகளும் ஏராளமாக விற்கின்றன. ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? நூறாண்டாக அந்தப் பெயரை மார்பில் சுமந்து ஓடியவர்களிடமிருந்து வந்தது. ஒரு மில்லின் முத்திரைக்குச் சந்தையில் நல்ல பெயர் இருக்கிறது என்றால், அது முத்திரை குத்தும் மையினாலா? நூல் நூற்ற கைகளினாலா?

மூன்றாம் வாதம்: “நட்சத்திர வீரர் ஒருவர் இருவரின் பனியன்தான் விற்கும். மற்றவர்களுக்கு என்ன தருவது?” இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பெயர் ஊருக்குத் தெரியும். அவனுக்கு வழி விடுவதற்காக முன்னால் நின்று இடிபடுகிற ஐந்து பேரின் பெயர் தெரியாது. அந்த ஐவர் இல்லாவிட்டால் ஓடுகிறவன் இரண்டடி வைக்க முடியாது. ஒரு பேல் துணியில் எந்த நூல் யார் நூற்றது என்று பிரித்துப் பார்த்தா கூலி கேட்கிறோம்? எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியதை எல்லோரும் சேர்ந்து பேசித்தான் பங்கிட வேண்டும். நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகட்டும். அணி முழுவதற்கும் ஒரு பொதுப் பங்கு இருக்கட்டும்.

நான்காம் வாதம்: “கல்லூரிகளுக்குப் பணம் இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறையே நஷ்டத்தில் ஓடுகிறது.” சிறு கல்லூரிகளைப் பொறுத்தவரை இது உண்மை. அங்கே பனியனும் விற்பதில்லை, லாபமும் இல்லை. பங்கிட எதுவும் இல்லை. ஆனால் பெரிய கல்லூரிகளின் கணக்கைப் பாருங்கள். நாம் முதலில் சொன்ன அதே டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு நீக்கியது. ஒப்பந்தப்படி, இனி வேலை செய்யாமல் இருப்பதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை 7½ கோடி டாலருக்கு மேல்! வேலை செய்யாதவருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. ஆடுகிறவனுக்குக் கொடுக்க மட்டும் கஜானா காலி. போனஸ் கேட்கும் வருஷத்தில் மட்டும் நஷ்டக் கணக்குக் காட்டும் முதலாளிகளை நாம் பார்த்ததில்லையா?

வழக்காடிப் பெற்றது

இந்தக் கோட்டையில் விரிசல் தானாக விழவில்லை. யூ.ஸி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1995இல் கூடைப்பந்துப் பட்டம் வாங்கித் தந்த எட் ஒ’பேனன், பிற்காலத்தில் கார் விற்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நண்பர் வீட்டில் கணினி விளையாட்டு ஒன்றில் தன்னையே பார்த்தார். அதே உயரம், அதே எண், அதே இடது கை. பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009இல் வழக்குத் தொடர்ந்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் சங்கத்தின் தடை சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். மேல் நீதிமன்றம் அதன் ஒரு பகுதியைக் குறைத்தது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

2021 ஜூனில் ஆல்ஸ்டன் என்ற வீரர் பெயரில் நடந்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பில், உழைப்பவர்களுக்கு நியாயமான விலை கொடுக்க மாட்டோம் என்று கூடிப் பேசி வேறு எந்தத் தொழிலும் தப்ப முடியாது என்று கண்டித்தார். அவர் தொழிலாளர்களின் பக்கம் நிற்பவர் என்று யாரும் சொல்வதில்லை. அவருக்கே பொறுக்கவில்லை! அடுத்த மாதமே, 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சங்கம் விட்டுக்கொடுத்தது.

2025 ஜூன் 6ஆம் தேதி அதே நீதிபதி வில்கன் ஒரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். பழைய பாக்கிக்காக, 2016க்குப் பிறகு ஆடியவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டில் ஒரு கல்லூரி அதிகபட்சம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை.

வெற்றிதானே என்று நினைக்கலாம். வெற்றிதான், பாதி வெற்றி. மீதிப் பாதியைக் கவனியுங்கள்.

கூலிக்கு உச்சவரம்பு

அந்தத் தொகை எப்படி வந்தது? டிக்கெட், ஒளிபரப்பு, உரிமைத் தொகை முதலிய வரவுகளில் பெரிய கல்லூரிகளின் சராசரியை எடுத்து, நூற்றுக்கு 22 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் குறைந்தபட்சம் அல்ல. அதற்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு! நிலத்துக்கு உச்சவரம்பு கேட்டு நாம் போராடினோம். அங்கே கூலிக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள்.

அதே அமெரிக்காவில் தொழில்முறைக் கால்பந்து வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. 2020இல் அவர்கள் போட்ட ஒப்பந்தப்படி வரவில் நூற்றுக்கு 48க்குக் குறையாத பங்கு வீரர்களுக்கு. தொழில்முறைக் கூடைப்பந்தில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஆட்டம் ஒன்றுதான். ஓரிடத்தில் 48, இன்னோரிடத்தில் 22. வித்தியாசம் எங்கே? ஓரிடத்தில் சங்கம் இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை.

சங்கம் இல்லாமல் தனித்தனியே பேரம் பேசினால் என்ன கிடைக்கும்? 2024இல் கல்லூரிக் கால்பந்துக் கணினி விளையாட்டு மீண்டும் சந்தைக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொடுத்தார்கள். விலை என்ன? ஆளுக்கு 600 டாலர், கூடவே அந்த விளையாட்டின் ஒரு பிரதி. எத்தனை விற்றாலும் அவ்வளவுதான். விலையைச் சொன்னது கம்பெனி. வீரன் செய்ய முடிந்தது, சரி என்பது அல்லது வேண்டாம் என்பது.

வீரர்கள் சங்கம் வைக்க முயலவில்லையா? முயன்றார்கள். 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் தொழிற்சங்கம் கோரி மனுச் செய்தார்கள். வட்டாரத் தொழிலாளர் அதிகாரி விசாரித்தார். ஆட்ட காலத்தில் வாரம் 40 முதல் 50 மணி நேரம் கால்பந்துக்கே போகிறது என்று கண்டு, இவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்புச் சொன்னார். வீரர்கள் வாக்களித்தார்கள். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 2015இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், இதில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. அந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை!

2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கத்தில் சேர முடிவு செய்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டது யார் தெரியுமா? அதே கல்லூரியில் வேலை செய்யும் ஊழியர்களின் சங்கம். கல்லூரி பேச்சு நடத்த மறுத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறும் தருவாயில், வாரியத்தின் தீர்ப்பு பாதகமாகிவிடும் என்ற அச்சத்தில், அந்த ஆண்டின் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற வேண்டி வந்தது.

2025 சமரசத்தின் பாக்கித் தொகையில் மிகப் பெரும் பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஒதுக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் உடனே மேல்முறையீடு செய்தார்கள். எல்லோருக்கும் பேச ஒரு சங்கம் இருந்திருந்தால், பங்கீட்டை உள்ளுக்குள் வாதாடி முடிவு செய்திருக்கலாம். அது இல்லாததால் வக்கீல்கள் பங்கு பிரித்தார்கள்.

பனியனைத் தைத்தவர்கள்

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. பனியனில் எண் வீரருடையது, பெயர் கல்லூரியுடையது. அதைத் தைத்த கை யாருடையது?

ஹோண்டுராஸ் நாட்டில் ரஸ்ஸல் கம்பெனி கல்லூரி முத்திரை போட்ட உடுப்புகளைத் தைத்து வாங்கியது. அங்கே ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தார்கள். 2009 ஜனவரியில் கம்பெனி அந்த ஆலையையே மூடியது. அமெரிக்க மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் கல்லூரியின் முத்திரையை இந்தக் கம்பெனிக்குத் தராதே என்று கிளர்ச்சி செய்தார்கள். ஏறத்தாழ 100 கல்லூரிகள் உரிமத்தை ரத்து செய்தன. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. புது ஆலை திறந்து, 1,200 தொழிலாளர்களையும் மீண்டும் வேலைக்கு எடுத்து, சங்கத்தை அங்கீகரிக்க ஒப்புக்கொண்டது.

ஊசி பிடித்தவர்களும் புத்தகம் பிடித்தவர்களும் கடல் தாண்டிக் கைகோத்தபோது நடந்தது இது. எந்த நீதிபதியின் தயவும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஆகவே, பனியன் லாபத்தில் வீரர்களுக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு என்பதே நம் பதில். அது சன்மானமாக, இனாமாக, மேலிருந்து அளந்து போடும் படியாக இருக்கக் கூடாது. உழைப்புக்குக் கூலியாக இருக்க வேண்டும். அடிபட்டால் நஷ்டஈடு, காயம் ஆறும்வரை வைத்தியச் செலவு, படிப்பை முடிக்க உத்தரவாதம் எல்லாம் அந்தக் கூலியோடு சேர வேண்டும். பங்கு எவ்வளவு என்பதை வீரர்களின் சொந்தச் சங்கம் மேஜையில் எதிரே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சில், பனியனைத் தைத்தவர்களின் கூலியும் ஒரு கோரிக்கையாக இடம்பெற வேண்டும்.

மன்றத்தில் வென்ற உரிமையை மன்றமே நாளை குறைக்கலாம். சங்கம் வைத்து வென்ற உரிமையைக் குறைக்க வருகிறவன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பான். நம் மில் வாசலில் கற்ற இந்தப் பாடத்தை அந்த இளைஞர்கள் தங்கள் மைதானத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். டார்ட்மத்தின் 13 வாக்குகள் அதற்கு அடையாளம். அந்த வாக்குகள் மறுபடியும் விழும்; அடுத்த முறை எண்ணிக்கை கூடும்.